நாற்பது அடி

உறவுமுறைப் பதிவகத்தில் யாருக்கும் யார்மீதும் கோபம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே எலும்பு உடைந்தவர்கள் உண்டு, பல் போனவர்கள் உண்டு, ஒரு காது கேட்காமல் போன தபால்காரர்கூட உண்டு. அத்தனையும் ஆணைப்படி நடந்தவை. ஆத்திரத்தில் ஒருவர்மேல் ஒருவர் கைவைத்ததாக அந்த அலுவலகத்தில் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. புகாரைப் பதிவு செய்வதற்கும் அதே கணினிதான் என்பது வேறு விஷயம்.

முன்பெல்லாம் அந்தக் கணினி பதிவாளரின் மேசைமேல் இருந்தது. பதிவாளர் அதைத் தட்டுவார், தேநீரைக் கொட்டுவார், துடைப்பார், மறுபடி தட்டுவார். இன்னார் இன்னாருக்கு மகன், இன்னார் இன்னாருக்குத் தங்கை என்று சான்றிதழ் வெளியே வரும். தலைமையகத்துக்கு இது பொறுக்கவில்லை. கை படுவதால்தான் கணினியும் கெடுகிறது, நிர்வாகமும் கெடுகிறது என்று கண்டுபிடித்து, இனி எல்லாக் கணினிகளையும் கைப்பேசி வழியாகவே இயக்க வேண்டும் என்று ஆணை போட்டது. கூடத்தின் நடுவில் செங்கல் வைத்து அரைச்சுவர் எழுப்பி, அதன்மேல் கண்ணாடி போட்டு ஓர் அறை கட்டி, கணினியை அதற்குள் வைத்தார்கள். பதிவாளர் அதே மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் தெரியும் கணினித் திரையைக் கட்டைவிரலால் நகர்த்தத் தொடங்கினார். எழுத்தைப் பெரிதாக்கினால் படிவம் ஓடிப்போகும். படிவத்தை இழுத்துப் பிடித்தால் எழுத்து எறும்பாகிவிடும். நான்கு நிமிட வேலைக்கு நாற்பது நிமிடம் ஆனது. இதற்கு நவீனமயம் என்று பெயர்.

அந்த ஆணையின் ஏழாவது பத்தியில் ஒரு வரி இருந்தது. "கணினிக்கும் அதை நெருங்கும் எவருக்கும் இடையே நாற்பது அடி கட்டாயம்."

பதிவாளர் ஊழியர்களைக் கூட்டி அந்த வரியை உரக்கப் படித்தார்.

"நாப்பது அடி தூரம்னு போட்டிருந்தா, சரி, தூரம். 'தூரம்'னு எங்கயாச்சும் போட்டிருக்கா? நல்லாப் பாருங்க. இல்லாத வார்த்தைய ஆணைக்குள்ள நாமளா சொருகினா அதுக்குப் பேரு என்ன? மோசடி. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு வார்த்தை கூட்டினதும் இல்ல, குறைச்சதும் இல்ல. அடின்னு போட்டிருக்கா? அடி. கட்டாயம்னு போட்டிருக்கா? கட்டாயம். அவ்வளவுதான்."

கூடத்தின் மொத்த நீளமே இருபத்திரண்டு அடிதான். தூரம் என்று வைத்துக்கொண்டால் எல்லாருடைய நாற்காலியையும் தெருவில் போட வேண்டியிருக்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது, அடியே வசதி என்று அனைவருக்கும் பட்டது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டு 'அடி வழங்குநர்' என்ற பதவியையும் ஒரு தடியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார்கள்.

கணினியை யாரும் நெருங்காமல் இருந்திருந்தால் அவருக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் அந்தக் கணினிக்கு ஒரு குணம் உண்டு. கைப்பேசி இணைய முயலும் ஒவ்வொரு முறையும் அது தன் திரையில் கேட்கும்: "ஒரு கைப்பேசி இந்தக் கணினியை இயக்க விரும்புகிறது. அனுமதிக்கவா?" முப்பது வினாடிக்குள் யாராவது கண்ணாடி அறைக்குள் போய் 'அனுமதி' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். முதல் நாள் ஒரு குமாஸ்தா போனார், நாற்பது வாங்கினார், அமுக்கினார், மூன்று வாரம் மருத்துவ விடுப்பில் போனார். இரண்டாம் நாள் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சான்றிதழ் யாருக்குத் தேவையோ அவரே அடி வாங்கிக்கொண்டு போய் அமுக்கட்டும் என்று முடிவானது. இதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர்.

இதெல்லாம் தெரியாமல்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் டைல்ஸ்காரர் அங்கே வந்தார். குளியலறைக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் ஒட்டுகிறவர். சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். முழங்கால் இரண்டும் தரையில் ஊன்றி ஊன்றிக் காய்த்துப்போனவை. உலகத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஓர் அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்து அவரை ஆளாக்கியவள். அந்த அக்காவுக்கு இப்போது இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். தம்பியின் இடது சிறுநீரகம் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, வெள்ளிக்கிழமை காலை அறுவைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். கொடுப்பது சொந்தத் தம்பிதான் என்பதற்குப் பதிவகத்தின் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. வியாழன் மாலை ஐந்தரைக்குள் அது ஆஸ்பத்திரிக்கு வந்துசேர வேண்டும்.

"இந்த வெள்ளிக்கிழமைய விட்டா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுதான்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உங்க அக்கா மூணு மாசம் தாங்க மாட்டாங்க. அதுவரைக்கும் உங்க இடது பக்க இடுப்பப் பத்திரமா பாத்துக்குங்க. எங்கயாவது விழுந்து கிழுந்து வைக்காதீங்க."

"அதெல்லாம் விழமாட்டேன் டாக்டர்," என்று டைல்ஸ்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பதிவாளர் விண்ணப்பத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"ரொம்ப அழகா நிரப்பியிருக்கீங்க. போய் அடி வாங்கிட்டு வாங்க."

டைல்ஸ்காரர் அதை ஏதோ ரசீதின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். "எந்த கவுன்ட்டர்ல சார் தருவாங்க?"

"அதோ, தடியோட நிக்கறாரே, அவருதான்."

டைல்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். தடியோடு நின்றவர் மரியாதையாகத் தலையசைத்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துடைக்கிற துணியும் இருந்தன. தரையில் திட்டுத் திட்டாகப் பழுப்பு நிறக் கறை. தொழில் பழக்கத்தில், டைல்ஸ் இடுக்கில் இறங்கிய கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அது என்ன கறை என்பது பிறகுதான் உறைத்தது.

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

பதிவாளர் புண்பட்டுப்போனார். "தப்பு பண்ணா அடிக்க நாங்க என்ன முரடங்களா? விண்ணப்பத்துல தப்பு இருந்தா மேல கை வைக்காம மரியாதையா திருப்பி அனுப்பிருவோம். எல்லாம் சரியா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இங்க அடி."

டைல்ஸ்காரர் வாசலைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று கால் துடித்தது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. போன வாரம் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியதும் நினைவுக்கு வந்தது. அவர் அடி வழங்குநரிடம் போனார்.

"ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். இந்த இடது இடுப்புல மட்டும் படாம அடிப்பீங்களா? அது என்னுது இல்ல. எங்க அக்காவுக்குக் கொடுக்கறதா சொல்லிட்டேன்."

"ஒரு பக்கமா அடிக்க விதியில இடம் இல்ல," என்று பதிவாளர் மேசையிலிருந்தே சொன்னார். "இடது, வலதுன்னு நாங்க பாகுபாடு பாக்கறதில்ல. எல்லாப் பக்கமும் எங்களுக்கு ஒண்ணுதான்."

அடி வழங்குநர் குரலைத் தாழ்த்தினார். "நீ கவலப்படாத தம்பி. என் கை நிதானமான கை. எங்க விழணும்னு நெனைக்கறேனோ அங்கதான் விழும். நீ மட்டும் துள்ளாம நில்லு."

டைல்ஸ்காரர் துள்ளாமல் நின்றார். முதல் பத்து, வலது தோளில். அடுத்த ஏழு, வலது கையில். பதினேழாவதில் சுண்டுவிரல் உடைந்தது. அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். இருபதுக்குமேல் தொடை. முப்பதுக்குமேல் முதுகின் மேற்பகுதி. ஒவ்வொன்றுக்கும் அடி வழங்குநர் எண்ணைச் சொல்லி, நோட்டில் ஒரு கோடு போட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை ஓங்கினார். இடது இடுப்பின்மேல் தடியின் காற்றுகூடப் படவில்லை. அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நாற்பது முடிந்ததும் டைல்ஸ்காரர் தவழ்ந்துதான் கண்ணாடி அறைக்குள் போனார். பதிவாளர் கைப்பேசியில் தொட்டார். கணினி கேட்டது. டைல்ஸ்காரர் இடது கையால் 'அனுமதி'யை அமுக்கினார். பதிவாளர் படிவத்தைத் திறந்து, பெரிதாக்கி, தொலைத்து, கண்டுபிடித்து, விண்ணப்பதாரர் பெயரில் பாதியைத் தட்டி முடித்தபோது அவருடைய கைப்பேசி மணி அடித்தது. வீட்டு ஜன்னலுக்கு நீலத் திரை போடுவதா பச்சைத் திரை போடுவதா என்று மைத்துனர் கேட்டார்.

"பச்சை. ஆமா, பச்சைதான். வெச்சிடு, நான் வேலையா இருக்கேன்." வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். இணைப்பு அறுந்திருந்தது. "அடடா. நாளைக்கு வாங்க."

"இப்பவே மறுபடியும் அமுக்கறேன் சார். உள்ளதான் இருக்கேன்."

"மறுபடி அமுக்கணும்னா மறுபடி நெருங்கணும். மறுபடி நெருங்கினா மறுபடி அடி. இன்னிக்கே இன்னொரு நாப்பதா? அவரும் மனுஷன்தானே, கை வலிக்காதா?"

அன்று மாலை டயாலிசிஸ் முடிந்து வந்த அக்கா, தம்பி சட்டை மாற்றும்போது பார்த்துவிட்டாள்.

"என்னடா இது?"

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்க்கா."

"ஏணியில விழுந்தவன் முதுகு வரிவரியா இருக்குமாடா?"

"கம்பி ஏணி."

அக்கா நம்பவில்லை. அவள் உண்மையைப் பிடுங்குவதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இடது பக்கத்தப் பாரு, கீறல்கூட இல்ல. உன் பொருள நான் பத்திரமா வெச்சிருக்கேன்." அக்கா அவர் தலையில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு நாற்பது. நேற்றைய அடி நேற்றைய இணைப்போடு போயிற்றாம். இந்த முறை வலப்பக்க விலா ஒன்றும் போனது. மூச்சை இழுத்தால் உள்ளே குத்தியது. அந்த நிலைமையிலும் டைல்ஸ்காரரின் கண் வேலைக்காரக் கண். 'அனுமதி' பொத்தானுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"சார்," என்று கண்ணாடி வழியாகக் கத்தினார். "'எந்தக் கைப்பேசிக்கும் இனி கேட்காதே'ன்னு ஒரு கட்டம் இருக்கு. இதுல ஒரு டிக் போட்டுட்டா இனிமே யாருமே உள்ள வர வேண்டாம் போலிருக்கே. போட்டுடட்டுமா?"

பதிவாளர் நாற்காலியிலிருந்து எகிறி எழுந்தார். "ஐயையோ, அதத் தொடாத! கேக்காம எப்படிய்யா இருக்க முடியும்? கேக்கறதுதான்யா ஆபீசு! அது கேக்கறது நின்னா அனுமதி நிக்கும். அனுமதி நின்னா அடி நிக்கும். அடி நின்னா அந்த மனுஷன் வேல போயிடும். அவருக்கு மூணு பொண்ணுங்க இருக்கு. உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

டைல்ஸ்காரர் அடி வழங்குநரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு தடியில் இருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டத்தைத் தொடாமல் 'அனுமதி'யை மட்டும் அமுக்கினார். அன்று பதிவாளருக்கு யாரும் போன் செய்யவில்லை. முக்கால் மணி நேரத்தில் சான்றிதழ் கையில் வந்தது. டைல்ஸ்காரர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நெஞ்சின் வலது பக்கம் உதவாததால், இடது பக்கம்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் இருந்த பெண் சான்றிதழை இரண்டு முறை படித்தாள்.

"இதுல நீங்க செத்துட்டதா போட்டிருக்கே."

"யாரு, நானா?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். "இவர் மேற்படி பெண்மணியின் உடன் இறந்தவர் என்று சான்றளிக்கப்படுகிறது." உடன்பிறந்தவர் என்று இருக்க வேண்டிய இடம்.

"இறந்தவங்க உறுப்பு குடுக்கறதுன்னா பின்னால இருக்கற கட்டடம். அதுக்கு வேற ஃபாரம்," என்றாள் அவள். பாவம், அவளும் ஓர் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

டைல்ஸ்காரர் நொண்டிக்கொண்டு பதிவகத்துக்கு ஓடினார். பதிவாளர் பிழையைப் பார்த்துக் கொஞ்சமும் பதறவில்லை.

"நான் சரியாத்தான் தட்டினேன். இந்தக் கைப்பேசி இருக்கே, நாம பாதி தட்டினாலே மீதிய அதுவா யூகிச்சுப் போட்டுடுது. எத்தனை அறிவு பாருங்க. சரி, திருத்தத்துக்கு என் கைப்பேசியில அதிகாரம் கிடையாது. தலைமையக இயக்குநரோட கைப்பேசியிலதான் முடியும்."

"அவரு எங்க சார் இருக்காரு?"

"உங்க அதிர்ஷ்டம், நாளைக்கு இங்க வர்றாரு. விழா. இந்தப் பதிவகத்தோட ஒரு லட்சமாவது அடிய அவரு கையாலேயே வழங்கறாரு. அத உங்களுக்கே ஒதுக்கிடறேன்."

வியாழக்கிழமை டைல்ஸ்காரரால் தனியாக நடக்க முடியவில்லை. அக்காதான் தோள் கொடுத்து அழைத்து வந்தாள். பாதித் தூரம் அவள் அவரைத் தாங்கினாள், மீதித் தூரம் அவர் அவளைத் தாங்கினார். பதிவக வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். தடிக்குச் சிவப்பு நாடா சுற்றி, தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். விழா பதினொரு மணிக்கு என்றார்கள். இயக்குநர் வரும்போது மணி மூன்று.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! முன்னெல்லாம் அதிகாரின்னா மக்கள் பக்கத்துல உக்காந்து மூஞ்சியப் பாத்துப் பேசணும். எவ்வளவு சிரமம்! இன்னிக்கு நான் வீட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டே பதினெட்டு அலுவலகத்துக் கணினிய இந்தக் கட்டைவிரலால ஓட்டறேன். ஒரு மனுஷன் மூஞ்சியப் பாத்து எனக்கு மூணு வருஷம் ஆச்சு. இன்னிக்கு மக்களுக்கும் அரசுக்கும் நடுவுல இடைத்தரகன் எவனும் இல்ல, தடி மட்டும்தான் இருக்கு! இங்க ஒரு தடவ சான்றிதழ் வாங்கினவங்க ரெண்டாவது தடவ எதையும் கேட்டு இந்தப் பக்கம் வந்ததே இல்லன்னு புள்ளிவிவரம் சொல்லுது. அந்த அளவுக்கு நாம அவங்கள திருப்திப்படுத்தியிருக்கோம்!"

கைதட்டினார்கள். கட்டுப் போட்ட கைகளால் தட்ட முடியாதவர்கள் காலால் தட்டினார்கள். இயக்குநர் நாடாவை அவிழ்த்து, தடியை வாங்கி, காற்றில் இரண்டு முறை விசிறிப் பார்த்தார். தடி எங்கே போகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. டைல்ஸ்காரர் இரண்டு கையாலும் இடது இடுப்பைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். அவளுக்கு நடந்தது முழுவதும் தெரிந்ததே அன்று வரிசையில் நின்றபோதுதான். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆணையையும் அவள் படித்திருந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க. நான் தையக்காரி. பொழுதன்னைக்கும் அளவெடுக்கறதுதான் என் பொழப்பு. நாப்பது அடின்னா அது நீளம். இங்கேர்ந்து தெருவத் தாண்டி எதிர்ல இருக்கே, அந்தச் சுவர் வரைக்கும் வரும். அவ்வளவு தள்ளி நில்லுன்னு எழுதியிருக்கு. இத ஒதைன்னு படிச்ச புத்திசாலி யாருய்யா?"

இயக்குநர் தடியைக் கீழே வைத்துவிட்டு ஆணையைப் படித்தார். அதை எழுதியதே அவர்தான். அவரும் பதிவாளரும் கண்ணாடி அறைக்குப் பின்னால் போய் ஒரு மணி நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்தபோது இயக்குநரின் முகம் தெளிந்திருந்தது.

"அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. இப்போ, அடின்னா தூரம்னு வெச்சுக்குவோம். அப்போ நாம வழங்கின தொண்ணூத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது அடியும் தப்புன்னு ஆகுது. ஒரு அரசு அலுவலகம் இத்தனை தடவ தப்பு பண்ணுமா? பண்ணவே பண்ணாது. அதனால அடின்னா அடிதான். ஆனா அந்த அம்மா சொல்றபடி தூரமும்தான். ஆணை ரெண்டையும் சொல்லுது. இத்தனை நாளா நாம பாதி ஆணையத்தான் நிறைவேத்தியிருக்கோம். இன்னிலேர்ந்து முழுசா நிறைவேத்துவோம். நாப்பது அடி, நாப்பது அடி தள்ளி நிக்க வெச்சு!"

முன்பைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அடி வழங்குநர் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஐயா, தடியே நாலடிதானே?"

"கல்லடின்னு ஒரு வார்த்தை கேள்விப்பட்டதில்லையா?" என்றார் இயக்குநர். கண்ணாடி அறை கட்டியது போக மிஞ்சிய செங்கல் கொல்லைப்புறத்தில் கிடந்தது. அள்ளி வந்து வாசலில் கொட்டினார்கள்.

"வேணாம்டா," என்றாள் அக்கா. "வா, வீட்டுக்குப் போகலாம். நான் செத்தா செத்துட்டுப் போறேன்."

டைல்ஸ்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர் மூட இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. "நூத்திருபதுல எண்பத முடிச்சிட்டு விடச் சொல்றியாக்கா? இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கு உனக்கு மயக்க ஊசி போட்டுத் தூங்க வெச்சிருவாங்க, முழிச்சுப் பாத்தா எல்லாம் சரியாயிருக்கும்."

நாற்பது அடியை அளக்க அலுவலகத்தில் டேப் இல்லை. டைல்ஸ்காரரே தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அளக்கத் தெரிந்தவரும் அவர்தான் என்பதால், முழங்காலில் தவழ்ந்து, கணினியின் விளிம்பிலிருந்து வாசல், படி, தெரு என்று அவரே அளந்தார். "சுவர் வரைக்கும் நாப்பதடி ரெண்டு அங்குலம் சார். ரெண்டு அங்குலம் கூட இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டார். தொழிலில் அவர் எப்போதும் சுத்தம். பிறகு எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார்.

அடி வழங்குநர் முதல் செங்கல்லை எடுத்தார். "தம்பி, எனக்குக் குறி பாத்து எறிஞ்சு பழக்கமே இல்ல," என்று கத்தினார். முதல் கல் சுவரில் பட்டுச் சிதறியது. இரண்டாவது சாக்கடையில் விழுந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் எங்கெங்கோ போயின. அவர் வேண்டுமென்றுதான் அப்படி எறிகிறார் என்பது டைல்ஸ்காரருக்குப் புரிந்தது. இயக்குநருக்கும் புரிந்தது.

"படாததெல்லாம் கணக்குல சேராது! மொத்த ஆபீசும் என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்குது? ஆளுக்கொண்ணு எடுங்க!"

இதற்குப் பணியாளர் பங்கேற்பு என்று பெயர். தட்டச்சர் எறிந்தார். காசாளர் எறிந்தார். மூன்று வாரம் விடுப்பில் இருந்துவிட்டு வந்த குமாஸ்தா எல்லாரையும்விட வேகமாக எறிந்தார். பதிவாளர் கைப்பேசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் எறிந்தார். தடிக்காவது ஒருவர் பேச்சைக் கேட்கத் தெரியும், செங்கல்லுக்கு இடதும் தெரியாது வலதும் தெரியாது. டைல்ஸ்காரர் இரண்டு கைகளையும் இடது இடுப்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். தாடையில் பட்டது. கையை எடுக்கவில்லை. முழங்கால் சில்லு தெறித்தது. அப்போதும் எடுக்கவில்லை. "தலைய மறைச்சுக்க தம்பி, தலைய மறை!" என்று அடி வழங்குநர் அலறினார். அவர் மறைக்கவில்லை. மறைக்க இரண்டு கைதானே இருந்தது, இரண்டையும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்.

பதினெட்டாவது கல் நெற்றியில் விழுந்தபோது அக்கா தெருவில் இறங்கி ஓடினாள். மாடிப்படி ஏற மூன்று இடத்தில் உட்கார்ந்து போகிறவள், அன்று எப்படி ஓடினாள் என்று தெரியவில்லை. தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து, முதுகைக் கல்லுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். "நிறுத்துங்கடா பாவிகளா!" என்று அவள் கத்தியது ஒரு முறைதான் கேட்டது. அவள்மேல் பட்டதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று பதிவாளர் கேட்டார். சேர்க்கலாம், உறவினர்தானே என்றார் இயக்குநர். முப்பத்தொன்றாவதில் இருவரும் சரிந்தார்கள். மீதி ஒன்பதை, விதி விதிதான் என்பதால், கீழே கிடந்தவர்கள்மேல் போட்டு முடித்தார்கள்.

அதன்பிறகு அக்காவும் தம்பியும் எழுந்திருக்கவே இல்லை. டைல்ஸ்காரரின் கைகள் இரண்டும் இடது இடுப்பைவிட்டு அசையவில்லை. அங்கே சட்டையில் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. இதற்குமேல் தெருவில் நிற்க என்னால் முடியாது, அதனால் அலுவலகத்துக்கே திரும்பிப் போகிறேன்.

இயக்குநர் மேசைக்கு வந்து உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். கோப்பை முடிக்க வேண்டும். கண்ணாடி அறைக்குள் கணினி கேட்டது: "அனுமதிக்கவா?" அமுக்க விண்ணப்பதாரர் இல்லை. முப்பது வினாடி ஓடத் தொடங்கியது. அடி வழங்குநர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். அவரை நாற்பது அடி அடிக்க ஒருவரும் முன்வரவில்லை. அவர் அந்தச் சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போட்டார், 'அனுமதி'யை அமுக்கினார், தடியைக் கணினியின் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு வெளியே நடந்து போனார். அதன்பிறகு அந்தக் கணினி யாரையும் எதுவும் கேட்டதில்லை.

இயக்குநர் கட்டைவிரலால் கோப்பில் எழுதினார்:

"மேற்படி விண்ணப்பதாரர் தம் அக்காவின் உடன் இறந்தவர் என்பது அனைத்துப் பணியாளர்கள் முன்னிலையில் நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது. ஏற்கெனவே வழங்கப்பட்ட சான்றிதழ் சரியானதே. திருத்தம் தேவையில்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது."

கைப்பேசியின் யூகத்தை நம்பாமல், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருந்தார். ஓரிடத்தில்கூட எழுத்துப் பிழை இல்லை.